கீழப்பழுவூரில் நிற்கும் பஸ்

அரியலூர் பஸ் கீழப்பழுவூரில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. என்னுடையதையும் சேர்த்து அறுபது தலைகளும் அந்தப் பக்கத்து ஜன்னல்களில்தான் இருக்கின்றன. கீழே, மாமியார் வாய் தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட மேகலாவை அழைத்துப்போக வந்த புருஷன் இளவரசன் வெயிலில் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அவள் பையை மார்போடு அணைத்தபடி அசையாமல் நிற்கிறாள். “தனிக்குடித்தனம் வச்சாத்தான் வருவேன்னு சொல்லும்மா!” என்கிறாள் பூக்கூடைக்காரி. “பெத்தவளை எங்க தள்ளுவான்? நீ ஏறும்மா!” என்று பின்சீட்டுப் பெரியவர் பாய்கிறார். “கால்ல வுழுந்துடு தம்பி!” என்று யாரோ கத்த, வளையல்கள் குலுங்கச் சிரிப்பு. பேச்சு காதில் விழவில்லை என்று டிரைவர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார். கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, “நிதானமா முடிவு பண்ணும்மா, வண்டி நிக்கும்” என்கிறார். மேகலா ஜன்னல்களை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். பையைப் புருஷன் கையில் திணிக்கிறாள். “அடுத்த பஸ்ல போவோம் வாங்க. இவங்க வாய்க்கு உங்கம்மா வாயே தேவலாம்.”