சாமைக் கூடையும் சர்வரும்

நண்பகல் வெயில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி, மூடி கழற்றிய பழைய சர்வர் கணினியின் மேல் விழுகிறது. உள்ளே சிவப்பு விளக்கு மின்ன, காற்றாடிகள் அலறுகின்றன. வாணியம்பாடி ஜப்பார் பாயின் காயலான் கடையிலிருந்து, காலிப் புளிச்சாக்குகளுக்கு நடுவே ஜீப்பில் மலையேறி வந்தது அது. டவர் எட்டாத இந்த ஊரின் பிள்ளைகளுக்குப் பாட வீடியோக்களை இதில்தான் ஏற்றி வைக்கப் போகிறாள் ரேணுகாதேவி. சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் சாமைக் கூடையோடு வாசலில் நிற்கிறாள். "இன்னா ரேணுகா, வூட்லயே மில்லு போட்டுட்டியா? இத்த அரைச்சுக் குடேன்." கணவன் சின்னராஜ் சிரிக்கிறான். "அது காத்த மட்டும்தான் அரைக்கும்க்கா. பாய் கடையிலயே திருப்பிப் போட்ரலாம்." "மலையேறி வந்தது எறங்காது," என்கிறாள் ரேணுகாதேவி. சர்வரை நிறுத்தி, நான்கு ரேம் நினைவகப் பட்டைகளையும் பிடுங்கி, அழுக்கேறிய பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிறாள். கருப்புத் துகள் மடியில் உதிர்கிறது. கட்டைவிரல் சிவக்க ஒவ்வொன்றாக அழுத்திச் செருகி, சுவிட்சைப் போடுகிறாள். மறுபடி அதே அலறல். வாய் திறக்கும் சின்னராஜைக் கை உயர்த்தி நிறுத்துகிறாள். அலறல் மெல்லத் தணிகிறது. சிவப்பு அணைந்து பச்சை எரிகிறது. சாந்தம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றுகிறாள். "அய்யோ, மில்லு நின்னுபோச்சே!" ரேணுகாதேவி நிமிர்ந்து கணவனைப் பார்க்கிறாள். "இப்பதான்க்கா ஓடுது."