மனுஷக் கை

“பெத்தவ கொடுத்த கையை வெட்டிப் போட்டுட்டு, இரும்பை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனாடா?”

ஒரு வருடமாகக் கண்ணிலேயே படாமல் இருந்துவிட்டு, இன்று பட்டறைக்கு வந்து நின்ற தம்பியின் இரும்புக் கையில் அண்ணன் சுத்தியலை இறக்கினான். விரல்கள் தெறித்தன. கை பொருத்திய தோளிலிருந்து இரத்தம் கொட்டியது. தம்பி திருப்பி அடிக்கவில்லை.

“போன வருஷம் என் கை பிரஸ் மெஷின்ல நசுங்கினப்ப நான் இரும்பா வச்சுக்கிட்டேன்? செத்தவன் கைன்னாலும் மனுஷக் கைதான் வேணும்னு நின்னேன்டா!”

சுத்தியல் தம்பியின் மண்டைக்கு நேராக உயர்ந்தது. அண்ணனின் மனைவி குறுக்கே பாய்ந்தாள்.

“செத்தவன் கையா? அப்படிச் சொன்னாத்தான் ஒத்துக்குவீங்கன்னு தம்பிதான் சொல்லச் சொன்னாரு. நீங்க அவரை அடிக்கிறதே அவர் கையாலதாங்க!”