சத்தமில்லாத கம்ப்ரஸர்

"பாதி விலைக்குத் தர்றான்னா ஒண்ணு அது திருட்டு மெஷின், இல்லைன்னா ஓட்டை மெஷின். யோசிச்சுக்கோங்க மாமா" என்றான் மச்சினன் போனில்.

டிராயிங் மாஸ்டருக்கு அதுவும் சரிதானோ என்று பட்டது. ஒரு வாரமாக யார் எதைச் சொன்னாலும் அவருக்கு அப்படித்தான் படுகிறது, பாவம்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாச்சு. மகன் காரை எடுத்துக்கொண்டு வெளியூர் போயாச்சு. காலியாகக் கிடக்கிற கார் ஷெட்டில் பழைய நாற்காலி, அலமாரிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்துப் புதுசாக்கலாம் என்று ஓர் ஆசை. அதற்குக் காற்று தர கம்ப்ரஸர் வேண்டும். ஆனால் ஷெட்டுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மனைவி நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வந்து பகலில்தான் தூங்குவாள்.

"ஒரு நாள் என் தூக்கம் கெட்டாலும் அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போயிடும். இப்பவே சொல்லிட்டேன்" என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

முதல் கடைக்காரர், "ஆயில் போடறதுதான் சார் சத்தம் கம்மி" என்றார்.

அடுத்த கடைக்காரர், "ஆயிலா? ஆயிலே இல்லாததை வாங்குங்க சார், மூச்சு விடாது" என்றார்.

மச்சினனோ, டாங்க் பெரிசா இருந்தால் போதும் என்றான். எல்லா அட்டைப்பெட்டியிலும் 'சைலன்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓட்டிக் காட்டச் சொன்னால் மட்டும் ஒருத்தரும் தயாரில்லை. மனுஷனுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அப்போதுதான் 'சத்தமில்லாத கம்ப்ரஸர், பாதி விலைக்கு' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. போன் செய்து, தான் இன்னார் என்று சொல்லி விசாரித்தார். அதே காலனிதான், நாலு தெரு தள்ளி. ஸ்கூட்டருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற ஒருவரின் வீடு.

பெயிண்டர் ஷெட்டைத் திறந்து பிளக்கைச் சொருகினார். மாஸ்டர் காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டார். வந்தது என்னவோ ஒரு முனகல்தான். பழைய ஃபிரிட்ஜ் போடுமே, அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

"பேசிப் பாருங்க சார். குரலை உசத்தவே வேணாம்" என்றார் பெயிண்டர்.

மாஸ்டர் வெளியே போய்க் கதவைச் சாத்தி, சுவரில் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பி வந்தார்.

"இது ஆயில் போட்டதா, போடாததா?"

"போடாததுதான். ஆனா அதை மட்டும் பாக்காதீங்க சார். மோட்டார் மெதுவா சுத்துதான்னு பாருங்க. வேகமா சுத்தறதுதான் கத்தும். அடியில ரப்பர் ஷீட் போட்டுக்கோங்க, அதிர்வு சுவருக்குப் போகாது."

ஒரு வாரமாக யாரும் சொல்லாததை மனுஷன் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அதிலேயே மாஸ்டருக்குச் சந்தேகம் இன்னும் பெரிசாகிவிட்டது.

"இவ்வளவு நல்ல மெஷினை ஏன் தம்பி விக்கறீங்க?"

"வீட்டுல தொழில் பண்றதை விட்டாச்சு சார். சத்தம் தாங்கலைன்னு காலனிக்காரங்க மனு குடுத்துட்டாங்க."

"எந்த மெஷின் சத்தம்?"

"இதுதான்."

மாஸ்டர் திருதிருவென்று முழித்தார். "தம்பி, என் காதுல பூ சுத்தாதீங்க. இதுக்கா மனு?"

"முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேன். அது காட்டுக்கத்து கத்தும், இல்லைங்கலை. எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார், உடனே மாத்திட்டேன். மாத்திப் பத்து நாள் கழிச்சு மனு வந்துது. இருபத்துமூணு கையெழுத்து. வீட்டு ஓனர் பயந்துபோய் ஷெட்டைப் பூட்டச் சொல்லிட்டார். இப்போ ரெண்டு பஸ் மாறி இன்னொருத்தர் பட்டறைக்குப் போறேன்."

"மெஷினை மாத்திட்டேன்னு நீங்க சொல்லலையா?"

"சங்கத்துல போய்ச் சொன்னேன் சார். ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போங்கன்னேன். எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷ வேலையில் விசாரிக்காமல் ஒரு பையனையாவது பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாரா அவர்?

"இதென்ன அநியாயமா இருக்கு. அந்த மனுவைக் காட்டுங்க. யார் யார்னு பாத்து, நாலு வார்த்தை நறுக்குன்னு நான் கேக்கறேன்."

"விடுங்க சார், முடிஞ்சுபோன விஷயம்."

"நீங்க விடலாம், நான் விடறதா இல்லை. எடுத்துட்டு வாங்க."

பெயிண்டர் தயங்கித் தயங்கி உள்ளே போய் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்தார். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் ஆறு பேரும் காலையில் அவரோடு பார்க்கில் நடக்கிறவர்கள். "படிச்சவங்க பண்ற வேலையா இது?" என்று விரலைக் கீழே நகர்த்தினார்.

ஏழாவது கையெழுத்தில் விரல் நின்றது. அடியில் வாத்துக் கழுத்து மாதிரி வளைத்து இழுத்த கோடு. இந்தக் காலனியில் அப்படிக் கோடு இழுக்கிற ஆள் ஒருவர்தான் உண்டு. போதாக்குறைக்கு, பக்கத்திலேயே அழகாக 'டிராயிங் மாஸ்டர், ஓய்வு' என்றும் எழுதியிருந்தது.

ஒரு நாள் பார்க்கில் நடந்துகொண்டிருக்கும்போது யாரோ அட்டையும் பேனாவும் நீட்டியது லேசாக ஞாபகம் வந்தது. என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

"தம்பி... நான் யாருன்னு போன்லயே சொன்னேனே..."

"சொன்னீங்க சார். அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் என்னை வரச் சொன்னீங்க?"

பெயிண்டர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"இருபத்துமூணு பேர்ல ஒருத்தராவது இது ஓடறதைக் கேக்கட்டுமேன்னுதான் சார்."