அழிப்பது மூன்றாம் பாடம்

மதிய ஷிப்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவள் திரையில் அந்த வரியைப் பார்த்தாள்.

'எனக்கு அன்னைக்கே தெரியும்.'

அதற்கு மேலே, நேற்று அவளே அடித்தது: 'ரிப்போர்ட்டை மாத்திப் போட்டது நான்தான். பழி அக்கா மேல.'

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் மதிய ஷிப்ட் டைப்பிஸ்ட். ஆள் வராத நேரத்தில், போனில் பாடம் பார்த்து, அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே வெப்சைட்டுக்குப் புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாடத்தில் ஒரு பெட்டி. அதில் எதையாவது அடித்து என்டர் தட்டினால், சர்வர் என்ற புரோகிராம் அதை வாங்கி வைத்துக்கொண்டு கீழே காட்டும்.

"மனசுல தோணுறதை அடிச்சுப் பாருங்க" என்றார் பாடம் நடத்தும் மாஸ்டர். மனசில் பதினைந்து நாளாக இருந்தது இது ஒன்றுதான். அடித்துவிட்டாள்.

அழிப்பது மூன்றாம் பாடம். அதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது.

இரண்டு பேருடைய சர்க்கரை அளவை மாற்றி அடித்தது அவள். மறுநாள் கையெழுத்துப் போட்டது காலை ஷிப்ட் அக்கா. நல்லவேளை, டாக்டர் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார். விளக்கம் கேட்டு மெமோ அக்காவுக்குப் போனது. இவள் மூச்சுவிடவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்ததே!

சந்தேகம் கேட்க மாஸ்டர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"சார், நான் எழுதினதை ஊரே படிச்சிடுச்சு சார்! யாரோ பதில் போட்டிருக்காங்க!"

"அட்ரஸ் எப்படி ஆரம்பிக்குது?"

"லோக்கல்ஹோஸ்ட்னு..."

மாஸ்டர் சிரித்தார். "அட, சர்வர் உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயேதாம்மா ஓடுது. வெளியில ஈ காக்கா பார்க்க முடியாது. அந்த நாற்காலியில உட்கார்ந்தவங்கதான் அடிச்சிருக்கணும்."

அப்பாடா என்று விட்ட மூச்சு பாதியில் நின்றது. இந்த நாற்காலியில் உட்காரும் இன்னொரு ஆள் காலை ஷிப்ட் அக்கா மட்டும்தான்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கே?"

ஷிப்ட் முடிந்து கை கழுவிவிட்டு வந்த அக்கா பையை எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர் சிடுமூஞ்சி.

"அக்கா... இதை நீங்களா..."

"நீ மூடாம விட்டுட்டுப் போன பக்கம். காலையில நான்தான் அடிச்சேன்."

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றதா இருந்தா மெமோ கொடுத்தப்பவே சொல்லியிருப்பேனே. பேஷன்ட் பேருக்குப் பின்னாடி புள்ளி வச்சு டைப் அடிக்கிறது நீ மட்டும்தான். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏங்க்கா...?"

"பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்புதானே. எனக்கு ஒரு மெமோவோட போச்சு. உன்னை வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க."

அவளுக்குக் கண் கலங்கியது. பயம் மட்டும் போகவில்லை.

"அதையும் சேர்த்து எழுதியிருக்கக்கூடாதா? இந்த ஒரு வரியைப் பார்த்து உயிரே போயிடுச்சுக்கா!"

சிடுமூஞ்சி முதல்முறையாக அசடு வழிந்தாள்.

"ரெண்டு வரி எழுதத்தான் நினைச்சேன். அடுத்த வரிக்குப் போகலாம்னு என்டர் தட்டினேன், உன் பெட்டி லபக்குன்னு முழுங்கிடுச்சு. அதுக்குள்ள ரத்தம் கொடுக்க ஆள் வந்துட்டாங்க."

"ரெண்டாவது வரி என்னக்கா?"

"'பயப்படாதே'ன்னு."

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு, உண்மையைச் சொல்ல மேனேஜர் அறைக்குப் போகக் கால் வந்தது.