ஒதுக்கி வைத்த தெரு

"ஏங்க, இந்தத் தெருவே நம்மளை ஒதுக்கி வெச்சிடுச்சு. இன்னிக்கே வேற வீடு பாருங்க!"

போனில் மனைவி அழுதபோது, அவன் பணிமனையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான்.

"குடிவந்து அஞ்சு நாள்தானே ஆச்சு. அதுக்குள்ள என்ன பண்ணாங்க?"

"ஒண்ணுமே பண்ணலை. ஒரு வார்த்தை பேசலை. அதான் பயமா இருக்கு."

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை ராத்திரியானால் போதும், வீறிட்டு அழும். 'வயித்து உப்புசம், வளர வளரச் சரியாயிடும்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது வளரும்வரை அக்கம்பக்கத்தார் பொறுக்க வேண்டுமே! இரண்டு வீடுகளில் பொறுக்கவில்லை. இது மூன்றாவது வீடு.

தரகர் இந்த வீட்டைக் காட்டியதே அதற்காகத்தான்.

"இந்தக் கட்டடத்துல பத்து வீடு, ஏழு பாஷை. ஒருத்தர் பேசுறது அடுத்தவருக்குப் புரியாது. கீழ தச்சர் ரம்பம் போடுவாரு. ரெண்டாவது மாடியில டிரம்ஸ் மாஸ்டர் கிளாஸ் எடுப்பாரு. அதுக்கு மேல மூணாவது மாடியில நீங்க யாருன்னு கேக்கக்கூட ஆள் கிடையாது. பாப்பா அழுதா எவன் காதுல விழப் போவுது? தைரியமா வாங்க."

குடிவந்த அன்று பார்த்தால், மனுஷன் பொய் சொல்லவில்லை. ரம்பமும் டிரம்ஸும் போட்டி போட்டன. காய்கறி வண்டிக்காரம்மா போட்ட கூச்சலில் தக்காளி விலை நாலு தெருவுக்குத் தெரிந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அன்று ராத்திரி குழந்தை தன் கச்சேரியை ஆரம்பித்தது. விடிந்துதான் மங்களம் பாடியது.

மறுநாள் தெருவைக் காணோம். அதாவது, தெரு இருந்தது, சத்தத்தைக் காணோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

தச்சர் ரம்பத்தைத் தொடவில்லை. வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் ஒரு நாற்காலிக் காலை வருடிக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள். அவர் வாயில் விரலை வைத்தார். பிறகு அவளுடைய ஜன்னலைக் காட்டினார். கடைசியாக, 'போ, போ' என்று கையசைத்தார்.

உன் பிள்ளையை அடக்கு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

காய்கறி வண்டியும் ஊமையாகத்தான் வந்தது. பெண்கள் கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் விரலால் காட்டிக் காட்டி வாங்கினார்கள். அவளைப் பார்த்ததும் கிசுகிசுப்பும் நின்றது. வண்டிக்காரம்மா அவள் பையைப் பிடுங்கி, அவளுக்கு முதலில் போட்டுக் கொடுத்து, மாடிப்படிப் பக்கம் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

ஐந்து நாளாக இதே கதை.

"கூட்டத்துல நிக்கக்கூட விட மாட்டேங்கறாங்க. நானென்ன சொறி பிடிச்சவளா?"

"பகல்ல நல்லாத் தூங்கறேன்னு நேத்துத்தானே சொன்னே?"

"தூக்கம் கிடக்கட்டும். மானம் போகுதுங்க!"

அவன் பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். "அவங்களா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளறதுக்கு முன்னாடி நாமளே கேட்டுடலாம். உன்னால முடிஞ்சா கேளு. இல்லேன்னா சாயங்காலம் நான் வந்து கேக்கறேன்" என்றான்.

சாயங்காலம் வரை பொறுக்கிற ரகமில்லை அவள். பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்தாள். மத்தியானம் மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அந்தக் கட்டடத்தில் அவளுடைய பாஷை அரைகுறையாகவாவது தெரிந்தவர் டிரம்ஸ் மாஸ்டர் ஒருவர்தான். அவர் கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டே போனாள்.

"எங்க குழந்தை வேணும்னேவா அழுவுது? வயித்து வலி தாங்காம அழுவுது! பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க, காலி பண்ணிட்டுப் போயிடறோம். மூட்டைகூடக் கட்டி வெச்சாச்சு. இப்படி எல்லாரும் சேர்ந்து பேசாம இருந்தே மனுஷங்களைக் கொல்லாதீங்க!"

மூச்சு வாங்கியது. அப்புறம்தான் அறையைப் பார்த்தாள்.

எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தலைகூட ஒன்று இருந்தது. ஆளுக்கொரு தலையணை மடியில். கையில் டிரம்ஸ் குச்சி. மூலையில் டிரம்ஸ் செட் கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தது.

அவள் கொட்டிய வேகத்தில் மாஸ்டருக்குப் பாதிகூடப் புரியவில்லை. 'குழந்தை' புரிந்தது. கோபம் புரிந்தது. அவர் எழுந்து, தோளில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். முகம் வாடிப்போய்விட்டது. இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிக்கணும் அம்மா. ராத்திரி முழுக்க நீங்க முழிப்பு. பாவம், பகல்தான் தூங்கணும். அதனால பத்து வீட்லயும் சொல்லி வெச்சோம், தச்சர்கிட்ட, வண்டிக்காரம்மாகிட்ட, எல்லார்கிட்டயும். அஞ்சு மணி வரை யாரும் சத்தம் கூடாதுன்னு..."

தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாங்க அடிச்சது வெறும் தலையணைதான் அம்மா. அதுவும் மேல கேட்டுடுச்சா?"