நாலாவது கம்ப்யூட்டர்

“மூணு கம்ப்யூட்டர் சேத்தாச்சு சார். இது ஒண்ணுதான் பாக்கி,” என்றாள் சபிதா.

“பத்து நிமிஷம் கூட,” என்றான் எடிட்டிங் பார்க்கிற ஞானசிங். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காதிலிருந்து ஹெட்போனையும் எடுக்கவில்லை.

காலையிலிருந்து இதே பாட்டுதான். செல்வதாஸ் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

இரணியலில் அவருடைய கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்குப் புதிதாக ஒரு பெரிய ஸ்டோரேஜ் வந்திருந்தது. இனி எடுக்கிற வீடியோவெல்லாம் அதற்குள்தான். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதைச் சொந்த டிஸ்க்போலத் திறந்து பார்க்கலாம், வேலை செய்யலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதோடு சேர்த்து, அதில் கிடக்கிற வீடியோவையும் உள்ளே மாற்றிவிடத்தான் நாகர்கோவிலிலிருந்து சபிதா வந்திருந்தாள்.

அது நிம்மதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற வேலையாகவும் இல்லை. இரண்டாவது கம்ப்யூட்டரைச் சேர்க்கும்போது, ‘புது டிஸ்க், தயார் செய்யவா?’ என்று திரை கேட்டது. லைட் பிடிக்கிற ஜெபிஷ், உதவி செய்வதாக நினைத்து ஓகேயை அமுக்கப் போனான்.

“தொடாதீங்க அண்ணா. அமுக்கினா உள்ள இருக்கிற அத்தனை கல்யாணமும் போயிரும்,” என்று சபிதா அவன் கையைத் தட்டிவிட்டாள். அதற்கப்புறம் செல்வதாஸ் ஜெபிஷைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை.

பெமிலாவின் கல்யாண வீடியோ ஞானசிங்கின் கம்ப்யூட்டரில் கிடந்தது. நாலு மணிக்கு அவளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். நாளைக்கு மஸ்கட்டுக்கு விமானம். அதற்குள் அவர்கள் பார்த்து, ஆல்பத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இதுவரை எடிட் செய்து, பாட்டெல்லாம் சேர்த்த பிறகுதான் வீட்டாருக்குக் காட்டுவது. இனி எடுத்தது எடுத்தபடியே முன் அறையில் பெரிய டிவியில் பார்க்கலாம் என்று செல்வதாஸ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இந்த நேரம் பார்த்து இவன் நந்திபோல உட்கார்ந்திருக்கிறான்.

செல்வதாசுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. முன்பு இங்கே வேலை பார்த்த ஒருத்தன், வெளி ஆர்டரை எல்லாம் இவருடைய கம்ப்யூட்டரிலேயே செய்து பழகி, கடைசியில் தக்கலையில் தனிக்கடை போட்டுவிட்டான். இவனும் அந்த வழிதானோ? இல்லையென்றால் ஆள் பக்கத்தில் வந்தால் ஏன் வீடியோவை நிறுத்துகிறான்?

“ஏலே, நீ என்னத்த மறைக்கே?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

“பின்ன ஏன் சேக்க விடமாட்டேங்க?”

ஞானசிங் தயங்கினான். “சேத்தாச்சுன்னா எல்லாருக்கும் தெரியும்லா அண்ணே.”

“தெரியட்டும். அதுக்குத்தானே இத வாங்கிப் போட்டிருக்கேன். நம்ம ஸ்டுடியோவுல ஒளிவுமறைவே கிடையாது, பாத்துக்க.” சபிதாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ஞானசிங் அவர் முகத்தையே பார்த்தான். சபிதா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி ஹெட்போனை மாட்டினான்.

கள்ளப்பயல். இன்றைக்கு வேலை முடியட்டும், கணக்குத் தீர்த்து அனுப்பிவிட வேண்டியதுதான் என்று செல்வதாஸ் முடிவுகட்டினார்.

வாசலில் கார் நின்றது. நாலுகூட ஆகவில்லை, வந்துவிட்டார்கள்.

“வாங்க மக்கா, இரிங்க. டீ சொல்லட்டா?” என்றார். சிரித்தாரே தவிர, கண் உள் அறைப் பக்கமே இருந்தது.

“டீயெல்லாம் வேண்டாம் அண்ணே, வீடியோவப் போடுங்க,” என்றாள் பெமிலா. “எனக்குக் கேமரான்னாலே சின்னதிலேர்ந்து பயம். எடுத்தா நல்லா விழமாட்டேன்னு ஒரு நினைப்பு. அன்னைக்கு நீங்க கேமராவப் பிடிச்சிட்டு முன்னால சிரிச்சிட்டே நின்னியள்லா, அதப் பாத்த பெறகுதான் ஒரு தைரியமே வந்துது.”

“அதுக்கென்ன மக்கா, நீ நம்ம வீட்டுப் பிள்ளைலா.”

“பாட்டெல்லாம் போடுறதுக்கு முன்ன, அன்னைக்கு உள்ள சத்தத்தோட அப்பிடியே பாக்கணும் அண்ணே. ஒண்ணும் விடாம.”

“இந்தா, இப்பப் போடுகேன்.”

உள்ளே போன வேகத்தில் செல்வதாசுக்கு மூச்சு வாங்கியது. ஞானசிங் இன்னும் அதே இடத்தில்தான். அவர் வருவது அவனுக்குத் தெரியவில்லை. எந்த வெளி ஆர்டர் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடும் ஆத்திரத்தில், ஹெட்போனை அவன் தலையிலிருந்து உருவித் தன் காதில் வைத்தார்.

திரையில் பெமிலா. வெள்ளைச் சேலையில், தலையைக் குனிந்தபடி சர்ச்சுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள். கொயர் பாடிக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டுக்கு மேலே, கேமராவுக்கு வெகு பக்கத்தில் ஒரு குரல்.

“ஏலே ஜெபிஷ், லைட்ட எறக்கி வைலே. இந்தக் கரிக்கட்டைக்கு எத்தன லைட் அடிச்சாலும் வெளுக்கப் போறதில்ல.”

பின்னாலேயே ஒரு சிரிப்பு. குரலும் சிரிப்பும் செல்வதாசுடையவை.

ஞானசிங் எழுந்து நின்றிருந்தான். மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னான்.

“கேமரா மைக்குல விழுந்திருக்கு அண்ணே. மூணு எடத்துல வெட்டி எடுத்தாச்சு. இன்னும் எங்கெல்லாம் பேசியிருக்கியள்னு கேட்டுட்டிருக்கேன்.”

முன் அறையிலிருந்து பெமிலாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சபிதா கேபிளோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“இதையும் சேத்திரட்டா சார்?”

செல்வதாஸ் ஹெட்போனைக் கழற்றி, ஞானசிங்கின் தலையில் தாமே மாட்டிவிட்டார்.

“பத்து நிமிஷம் கூட பொறு மக்கா,” என்றார்.