இரண்டு விரற்கடைக் கட்டை

ஆண்டியப்பன் கிழிந்த வலையை மடியில் போட்டு ஊசியால் பின்னியபடி குனிந்தே இருந்தார். பத்து மாதமாக முகம் கொடுத்துப் பேசாத தம்பி நாகராசு, சீலா மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

“மதினி, இதைக் கொழம்பு வையிங்க. அண்ணன் கைராசியில வந்த மீனு.”

ஆண்டியப்பன் பெண்சாதி காத்தாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டாரை நாகராசு வாங்கித் தன் வள்ளத்தில் மாட்டிய நாளிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் ஆகாமல் போயிற்று. ஆண்டியப்பனோடு பாய்வள்ளத்தில் போய்வந்த ஆட்கள் இருவரும் தம்பி பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

“அப்படி என்ன செஞ்சாரு ஒங்க அண்ணன்?”

“மோட்டாருச் சத்தம் கோட்டைப்பட்டினம் பூரா கேக்கும், வள்ளம் மட்டும் எருமை மாதிரிதான் நகரும். முந்தாநாளு உச்சி வெயில்ல, நான் சோறு திங்கப் போன நேரம் பாத்து வந்திருக்காரு. மோட்டாரைத் தூக்கி, பின்பலகை மேல ரெண்டு விரக்கடைக் கட்டையை வச்சு, திரும்ப மாட்டிட்டுப் போயிருக்காரு. கருவாடு காயப்போட்ட மூக்காயிதான் பாத்துச்சு.”

“அதுல என்ன வந்துச்சு?”

“பறக்குது மதினி. தண்ணிக்குள்ள சுத்துற காத்தாடி ரொம்ப ஆழத்துல கெடந்து கடலை உழுதிருக்கு. புதுக்கோட்டையிலருந்து வந்த மெக்கானிக்குக்கே பிடிபடல.”

ஆண்டியப்பனுக்குக் காது மடல் சுட்டது. ஊசி விரலில் ஏறியதும் தெரியவில்லை.

“ஒத்தாசை செஞ்சுட்டுக் கூச்சப்படுறதைப் பாருங்க” என்று சிரித்தான் நாகராசு.

பிறகு அவர் எதிரே குந்தினான். குரல் இறங்கியது.

“நாந்தாண்ணே மொதல்ல வந்திருக்கணும். ஏதேதோ பேசிப்புட்டேன். நாளையிலருந்து மோட்டாரை நீதான் பிடிக்கணும். வருவியா?”

காத்தாயி கையில் மீனோடு புருஷன் முகத்தையே பார்த்தாள். சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு வீடும் ஒன்றாகிவிடும்.

நாகராசு அண்ணனின் கையைப் பிடித்தான். ஆண்டியப்பன் அதை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“காத்தாடி மேல ஏறினா வள்ளம் நகராதுன்னு நெனச்சுத்தாண்டா கட்டையை வச்சேன்.”